விட்டுவிட்டு இழுவை குறையும் பழைய டீசல் பிக்கப்: பம்பைக் கழற்றும் முன் பார்க்க வேண்டியவை

காலையில் லோடு ஏற்றிக் கிளம்பும்போது வண்டி நன்றாக இழுக்கிறது. கொஞ்ச தூரம் போய் ஒரு மேட்டில் ஏறும்போது ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தாலும் எழும்ப மாட்டேன் என்கிறது. கியரைக் குறைத்து உருட்டிக்கொண்டே போனால் சிறிது நேரத்தில் தானாகச் சரியாகிவிடுகிறது. பட்டறையில் நிறுத்திக் காட்டினால் எந்தக் கோளாறும் தெரிவதில்லை. பழைய பிக்கப்பைப் புதிதாக வாங்கி ஓட்டுகிறவர்களை இதுபோல அலைக்கழிக்கும் கோளாறு வேறு இல்லை.

இதில் பணம் வீணாகும் இடம் பெரும்பாலும் ஒன்றுதான். "பம்ப், நாசில் வீக் ஆயிடுச்சு, லேபுக்கு அனுப்பணும்" என்று யாராவது சொல்வார்கள். (டீசலை அழுத்தி அனுப்புவது பம்ப், அதை என்ஜினுக்குள் பீய்ச்சுவது நாசில், இவற்றைச் சோதித்துச் சரிசெய்யும் பட்டறைதான் லேப்.) உடனே பம்ப் கழன்றுவிடும். பம்புக்கு டீசலே ஒழுங்காக வந்து சேராதபோது பம்பைச் சரிசெய்து என்ன பயன்? தேய்ந்த பம்ப் எல்லா நாளும் தேய்ந்த பம்ப்தான். இழுவை வந்து வந்து போகிறது என்றால், அடைத்து விடுபடுகிற, தளர்ந்து ஒட்டுகிற, சூடாகி ஆறுகிற ஏதோ ஒன்றைத்தான் முதலில் தேட வேண்டும். அவற்றில் பல, ஸ்பேனரும் டார்ச் லைட்டும் வைத்துக்கொண்டு நாமே பார்த்துவிடக்கூடியவை.

முதல் வேலை: எழுதி வையுங்கள்

வண்டியில் ஒரு சின்ன நோட்டும் பேனாவும் போடுங்கள். அடுத்த முறை இழுவை குறையும்போது ஓரமாக நிறுத்தி, அந்த நேரத்து நிலவரத்தை எழுதுங்கள். கிளம்பி எவ்வளவு நேரமாயிற்று, லோடு இருந்ததா, மேடா சமதளமா, எந்த கியர், டேங்கில் டீசல் எவ்வளவு, மழை பெய்ததா, மீட்டரில் விளக்கு ஏதாவது எரிந்ததா, சைலன்சரில் என்ன நிறப் புகை வந்தது, பிறகு எப்படிச் சரியானது என்றெல்லாம் குறியுங்கள். நாலைந்து முறை எழுதிப் பார்த்தால் ஒரு ஒழுங்கு தெரியவரும்.

இதிலே மிக முக்கியமான கேள்வி, இழுவை எப்படிப் போகிறது என்பது. படிப்படியாகத் தளர்ந்து போகிறதா, சுவிட்சை அணைத்ததுபோல வெடுக்கென்று வெட்டுகிறதா? மெல்ல மெல்லத் தளர்ந்தால் டீசல் வரத்தையோ காற்றையோ சந்தேகிக்கலாம். வெடுக்கென்று வெட்டி உடனே திரும்பி வந்தால் வயர், கனெக்டர், ரிலே, சென்சார் பக்கம் போக வேண்டும். குழியில் இறங்கி ஏறும்போது மட்டும் வெட்டினால் வயரிங் என்றே வைத்துக்கொண்டு தேடலாம்.

அப்புறம், எப்படிச் சரியாகிறது என்பதைப் பாருங்கள். பத்து நிமிடம் நிறுத்தி வைத்தால் சரியாகிறது என்றால் டேங்க் மூடியின் காற்றுத் துளை, டேங்குக்குள் மிதக்கும் குப்பை, சூட்டில் மட்டும் செத்துப்போகும் சென்சார் ஆகிய மூன்றும் முன்னால் வந்து நிற்கும். சாவியை அணைத்துப் போட்ட அடுத்த நொடியே சரியாகிவிட்டால் அது கம்ப்யூட்டர் வைத்த வண்டியில், என்ஜினைக் கட்டுப்படுத்தும் ஈ.சி.யூ. என்ற கம்ப்யூட்டர் தானே இழுவையைக் குறைத்து வைத்தது. டேங்க் கால்வாசிக்குக் கீழே போனால் மட்டும் வருகிறது என்றால், டேங்குக்குள் இறங்கும் உறிஞ்சு குழாயில் விரிசல் இருக்கலாம்.

புகையும் பேசும். கறுப்புப் புகை தள்ளிக்கொண்டு இழுவை குறைந்தால் டீசல் போகிறது, காற்று போதவில்லை. புகையே இல்லாமல் இழுவை குறைந்தால் பெரும்பாலும் டீசல் போதவில்லை. வெள்ளைப் புகையோடு மிஸ்ஸிங் அடித்தால் டீசலில் காற்றோ தண்ணீரோ கலந்திருக்கலாம்.

வண்டி எந்த வகை?

பானட்டைத் தூக்கிப் பாருங்கள். பம்பிலிருந்து ஒவ்வொரு நாசிலுக்கும் தனித்தனி இரும்புக் குழாய் நேராகப் போனால் அது பழைய மெக்கானிக்கல் பம்ப். பம்பிலிருந்து ஒரே குழாய் ஒரு தடித்த இரும்புத் தண்டுக்குப் போய், அதிலிருந்து இன்ஜெக்டர்களுக்கு (இந்த வண்டிகளில் டீசலைப் பீய்ச்சுபவை) குழாய் பிரிந்து, ஒவ்வொரு இன்ஜெக்டர் தலையிலும் வயர் கனெக்டர் இருந்தால் அது காமன் ரெயில்.

இந்த வித்தியாசம் உயிர் சம்பந்தப்பட்டது. காமன் ரெயில் தண்டில் ஐடிலிங்கிலேயே 250, 300 பார் அழுத்தம் இருக்கும். முழு லோடில் 1,000 பாரைத் தாண்டும். லாரி டயரில் இருக்கும் காற்றே 8 பார் அளவுதான். பழைய வண்டியில் செய்வதுபோல, ஓடும் என்ஜினில் இன்ஜெக்டர் குழாயின் நட்டைத் தளர்த்தி எந்த சிலிண்டர் அடிக்கிறது என்று பார்க்கும் வழக்கம் இங்கே கூடவே கூடாது. பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஊசி குத்தியதுபோலத்தான் தெரியும், உள்ளே சதை அழுகும். அப்படி ஏதாவது நடந்தால் வலி இல்லை என்று விட்டுவிடாமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். குழாயில் வாய் வைத்து டீசலை உறிஞ்சும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். கொஞ்சம் நுரையீரலுக்குள் போனாலும் கடுமையான பாதிப்பு வரும். சின்ன ஹேண்ட் பம்ப் வாங்கிக்கொள்ளலாம்.

என்ஜின்தானா என்று முதலில் உறுதி செய்யுங்கள்

என்ஜின் நன்றாக இருந்தும் வண்டி இழுக்காமல் இருக்க இரண்டு காரணங்கள் உண்டு. டாப் கியரில் மெதுவாகப் போகும்போது சட்டென்று மிதித்துப் பாருங்கள். என்ஜின் சத்தம் ஏறி வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது. லோடு ஏற்றிய மேட்டில் இது நன்றாகத் தெரியும், கருகிய வாடையும் வரும். அடுத்து பிரேக். கொஞ்ச தூரம் ஓட்டி, பிரேக்கை அதிகம் தொடாமல் வண்டியை நிற்க விட்டு, ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் கையைக் கொண்டுபோங்கள். தொட வேண்டாம். ஒரு சக்கரம் மட்டும் அனலடித்தால் அங்கே பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஹேண்ட்பிரேக் கேபிள் துருப்பிடித்து முழுதாகத் திரும்பாமல் நிற்பது பழைய பிக்கப்பில் சகஜம்.

கேபிள் வைத்த ஆக்சிலரேட்டர் என்றால் இன்னொரு சின்னச் சோதனை. என்ஜினை அணைத்துவிட்டு ஒருவர் முழுக்க மிதிக்கட்டும், நீங்கள் பம்பில் உள்ள லீவர் கடைசி ஸ்டாப்பர் வரை போகிறதா என்று பாருங்கள். கேபிள் இழுபட்டிருந்தாலோ, கால் மிதியடி சுருண்டு பெடலுக்கு அடியில் போயிருந்தாலோ லீவர் முக்கால்தான் திரும்பும். இதைக்கூடப் பார்க்காமல் பம்பைக் கழற்றுவார்கள்.

டீசல் வரும் வழி

இங்கேதான் அதிக நேரம் செலவிட வேண்டும். டேங்கில் தொடங்கி பம்ப் வரை வரிசையாக வாருங்கள்.

டேங்க் மூடி: டீசல் குறையக் குறைய அந்த இடத்தை நிரப்பக் காற்று உள்ளே போக வேண்டும். மூடியின் துளை மண்ணால் அடைத்திருந்தால் டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி டீசல் வரத்து இறுகும். இழுவை குறைந்த உடனே நிறுத்தி மூடியைத் திறந்து பாருங்கள். 'புஸ்' என்று காற்றை உள்ளே இழுத்து, அதற்குப் பிறகு வண்டி நன்றாகப் போனால் காரணம் கிடைத்துவிட்டது. மூடியைத் தளர்வாக வைத்து ஓட்டுவது சோதனைக்கு மட்டும்தான். அப்படியே விட்டால் மழைத் தண்ணீர் இறங்கும்.

டேங்குக்குள் குப்பை: துரு, இலைச் சருகு, பிளாஸ்டிக் துண்டு எல்லாம் பழைய டேங்கில் இருக்கும். ஓடும்போது உறிஞ்சு குழாயின் வாயில் போய் ஒட்டும், என்ஜினை நிறுத்தினால் கீழே விழுந்துவிடும். 'நிறுத்தி வைத்தால் சரியாகிறது' என்ற புகாருக்கு நல்ல விளக்கம் இது. சோதிக்க, ஃபில்டர் பக்கத்தில் சப்ளை குழாயைக் கழற்றி, டேங்க் மூடியைத் திறந்து வைத்து, குறைந்த அழுத்தத்தில் காற்றை டேங்க் நோக்கி ஊதுங்கள். டேங்குக்குள் குமிழ்ச் சத்தம் தாராளமாகக் கேட்க வேண்டும். ஊதிய பிறகு சில நாள் நன்றாக ஓடி மறுபடி அதே கோளாறு வந்தால், டேங்கைக் கழற்றிக் கழுவத்தான் வேண்டும். மூடி போட்ட டேங்கில் ஒருபோதும் காற்றை ஊதாதீர்கள்.

ஃபில்டர்: அடியில் உள்ள வடிகுழாயைத் தளர்த்தி ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடியுங்கள். கொஞ்ச நேரம் அசையாமல் வைத்தால் தண்ணீர் அடியில் தனியாகத் தங்கும். தண்ணீர் இருந்தால் பேரலில் வாங்கி வைத்து ஊற்றும் டீசலா, டேங்க் மூடி வழியாக மழை இறங்குகிறதா என்று யோசியுங்கள். பழைய ஃபில்டரைத் தூக்கி எறியாமல் வெட்டித் திறந்து பாருங்கள். உள்ளே கறுப்பு வழவழப்போ துருத்தூளோ இருந்தால் டேங்கின் நிலைமை தெரிந்துவிடும். புது ஃபில்டர் வாங்கும்போது இருபது முப்பது ரூபாய் மிச்சத்துக்காகப் பேர் தெரியாத சரக்கு வாங்க வேண்டாம். காமன் ரெயில் வண்டியில் புது ஃபில்டருக்குள் கேனிலிருந்து டீசலை ஊற்றி நிரப்பாதீர்கள். வடிகட்டாத டீசல் சுத்தமான பக்கத்துக்குப் போய்விடும். ஹேண்ட் பிரைமரை (கையால் அழுத்தி டீசலை இழுக்கும் சின்ன பம்ப்) அடித்து நிரப்புங்கள்.

இனி ஏர் பிடிப்பது. டேங்குக்கும், அதிலிருந்து டீசலை இழுத்து பெரிய பம்புக்குக் கொடுக்கும் ஃபீட் பம்புக்கும் இடையே டீசல் உறிஞ்சப்படுகிறது. அதனால் அங்கே ஓட்டை இருந்தால் ஓடும்போது டீசல் வெளியே சொட்டாது, காற்று உள்ளே போகும். வெளியே பார்த்தால் எல்லாம் காய்ந்து சுத்தமாகத் தெரியும். புதியவர்கள் ஏமாறுவது இங்கேதான். பம்புக்கு வரும் குழாயில் ஒரு முழம் ஒளி ஊடுருவும் டீசல் ஹோஸை இடையில் போட்டு, கிளாம்ப் இறுக்கி ஓட்டிப் பாருங்கள். ஸ்டார்ட் ஆன புதிதில் நாலைந்து குமிழ் ஓடினால் பரவாயில்லை. தொடர்ந்து குமிழ் ஓடினால் காற்று புகுகிறது. அதே ஹோஸை டேங்க் நோக்கி ஒவ்வொரு இணைப்பாகத் தள்ளிப் போட்டு வந்தால், குமிழ் எந்த இணைப்புக்குப் பிறகு வருகிறது என்று பிடித்துவிடலாம். வெடித்த ரப்பர் ஹோஸ், தளர்ந்த கிளாம்ப், திரும்பத் திரும்பப் போட்டு நசுங்கிய செம்பு வாஷர், ஃபில்டர் தலையில் உள்ள பிரைமரின் வாஷர் ஆகியவற்றில் ஒன்றாக இருக்கும். ரப்பர் பந்து வடிவ பிரைமர் இருக்கும் வண்டியில் இன்னொரு அடையாளம் உண்டு. இழுவை குறையும் நேரத்தில் அந்தப் பந்து உள்வாங்கிச் சப்பிப்போயிருந்தால் அதற்கு முன்னால், அதாவது டேங்க் பக்கம், அடைப்பு.

இத்தனைக்கும் பிறகு சந்தேகம் தீரவில்லை என்றால் தனி கேன் வைத்துப் பாருங்கள். எனக்கு இதைவிடத் தெளிவாகத் தீர்ப்பு சொல்லும் சோதனை தெரியாது. 5 லிட்டர் கேனில் சுத்தமான டீசலை எடுத்து, புது ஹோஸ் வழியாக நேரே ஃபீட் பம்புக்குக் கொடுத்து, ரிட்டர்ன் குழாயையும் அதே கேனுக்குள் விடுங்கள். கேனை டேங்க் இருக்கும் உயரத்திலேயே, கேபினுக்கு வெளியே, சைலன்சருக்குத் தள்ளி இறுக்கிக் கட்டுங்கள். உயரத்தில் வைத்தால் டீசல் தானாக இறங்கி, ஃபீட் பம்பின் பலவீனத்தை மறைத்துவிடும். வழக்கமாகக் கோளாறு வரும் அதே மேட்டில் ஏற்றுங்கள். நன்றாக இழுத்தால் டேங்கிலோ குழாயிலோதான் கோளாறு, பம்பைத் தொட வேண்டாம். அப்படியும் இழுக்கவில்லை என்றால் டேங்க் பக்கத்தை மறந்துவிட்டு அடுத்த பகுதிக்குப் போகலாம். டேங்குக்குள்ளேயே மின்சார பம்ப் இருக்கும் வண்டிகளுக்கு இது பொருந்தாது. அங்கே அந்த பம்பின் அழுத்தத்தை கேஜ் வைத்து அளக்க வேண்டும்.

காற்று வரும் வழி

ஏர் ஃபில்டரைத் தட்டிப் போடுவதோடு நிறுத்தாதீர்கள். ஃபில்டர் பெட்டியிலிருந்து டர்போவுக்கு (காற்றை அழுத்தி என்ஜினுக்குள் தள்ளும் பாகம்) போகும் ரப்பர் ஹோஸைப் பாருங்கள். வயதான ஹோஸின் உள் அடுக்கு பிரிந்து தொங்கும். ஐடிலிங்கில் ஒன்றும் தெரியாது. டர்போ பலமாக இழுக்கும்போது அந்த அடுக்கு உள்பக்கம் சுருண்டு வழியை அடைக்கும். என்ஜினை அணைத்ததும் பழைய இடத்துக்குப் போய்விடும். கழற்றி, உள்ளே விரல் விட்டுத் தடவித்தான் கண்டுபிடிக்க முடியும்.

டர்போவிலிருந்து, அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்கும் அங்கிருந்து என்ஜினுக்கும் போகும் ஹோஸ்களில் எண்ணெய்ப் பிசுக்கு புதிதாகப் படிந்த இடத்தைத் தேடுங்கள். காற்று கசியும் இடம் அதுதான். நின்ற இடத்தில் ரேஸ் கொடுத்தால் டர்போ பெரிதாக அழுத்தம் உண்டாக்காது. அதனால் பட்டறையில் தெரியாத கசிவு மேட்டில் மட்டும் தெரியும், 'உஸ்' என்ற சத்தமும் கறுப்புப் புகையும் சேர்ந்தே வரும். டர்போ அழுத்தம் மிகாமல் பார்த்துக்கொள்ளும் வேஸ்ட்கேட் வால்வின் தண்டு துருவில் இறுகி, திறந்த நிலையில் நின்றாலும் இதே கதைதான்.

புகைக்காற்றில் ஒரு பகுதியை என்ஜினுக்கே திருப்பி அனுப்பும் ஈ.ஜி.ஆர். வால்வு உள்ள வண்டியில் கார்பன் துண்டு சிக்கி வால்வு மூடாமல் நிற்கலாம். புகைக்காற்று திரும்பத் திரும்ப உள்ளே வந்தால் இழுவை எப்படி இருக்கும்? கழற்றிச் சுத்தம் செய்து போடுங்கள். தகடு வைத்து அடைத்துவிடச் சொல்வார்கள். அது புகைச் சோதனையில் சிக்கல் தரும், காமன் ரெயில் வண்டியில் விளக்கும் எரியும்.

வயரும் எர்த்தும்

மெக்கானிக்கல் பம்ப் வண்டியிலும் மின்சாரம் ஒரு இடத்தில் உண்டு. ரோட்டரி பம்பின் தலையில் ஸ்டாப் சொலினாய்டு இருக்கும். சாவி போட்டதும் 12 வோல்ட் வந்து டீசல் வழியைத் திறக்கும், மின்சாரம் போனால் மூடும். அதற்கு வரும் வயர் ஒரு நொடி விட்டாலும் என்ஜின் வெட்டும். இதைப் பிடிக்க எளிய வழி: அந்த முனையிலிருந்து ஃபியூஸ் போட்ட நீள வயர் ஒன்றை கேபினுக்குள் கொண்டுவந்து, எர்த்தோடு சேர்த்து ஒரு சின்ன 12 வோல்ட் பல்பை டேஷ்போர்டில் ஒட்டுங்கள். ஓட்டும்போது வெட்டும் நேரத்தில் பல்பும் அணைந்தால் சாவி சுவிட்ச், ரிலே, ஃபியூஸ் பெட்டி, வயர் என்று பின்னோக்கித் தேடலாம். பல்பு எரிந்துகொண்டே இருக்க என்ஜின் வெட்டினால் மின்சாரம் அங்கே ஒழுங்காக வருகிறது, சொலினாய்டையோ டீசலையோ பார்க்க வேண்டும்.

எர்த் சோதனைக்கு மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையை என்ஜின் பிளாக்கில் சுத்தமான இடத்திலும் வைத்து செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.2 வோல்ட் வரை காட்டினால் சரி. 0.5-ஐத் தாண்டினால் எர்த் பட்டையைக் கழற்றித் தேய்த்து மாட்டுங்கள். காமன் ரெயில் வண்டியில் மோசமான எர்த் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத பல கோளாறுகளைக் காட்டி வைக்கும்.

காமன் ரெயில் என்றால்

ஸ்கேனர் கருவியை மாட்டி, ஈ.சி.யூ. பதிவு செய்து வைத்த கோளாறு எண்களை (ஃபால்ட் கோட்) எடுப்பது ஆரம்பம்தான். அழிப்பதற்கு முன் எழுதி வையுங்கள். சந்தையில் கிடைக்கும் மலிவான சின்ன ஸ்கேனர் (ஓ.பி.டி. கருவி) எல்லாப் பழைய பிக்கப்போடும் பேசாது, அதனால் நல்ல ஸ்கேனர் உள்ள ஆளோடு ஒரு முறை லோடு ஏற்றி ஓட்டிவிடுவது மேல். அவர் பக்கத்தில் உட்கார்ந்து ரெயில் அழுத்தத்தைப் பதிவு செய்யட்டும். அதில் ஈ.சி.யூ. கேட்கும் அழுத்தம், உண்மையில் இருக்கும் அழுத்தம் என இரண்டு எண்கள் உண்டு. இழுவை குறையும் நேரத்தில் கேட்பது உயர்ந்தும் இருப்பது தாழ்ந்தும் போனால் டீசல் பக்கம் குறை. ஃபில்டர், பம்புக்குள் போகும் டீசலின் அளவைக் கட்டுப்படுத்தும் வால்வு, கசியும் இன்ஜெக்டர் என்று பாருங்கள். இரண்டும் சேர்ந்தே குறைந்தால் ஈ.சி.யூ. வேண்டுமென்றே குறைக்கிறது. அப்போது பெடல் சென்சார், டர்போ அழுத்தம், என்ஜின் சூடு ஆகியவற்றில் எது அதைக் குறைக்க வைத்தது என்று தேட வேண்டும். டீசல் பாகங்களில் கை வைக்கக் கூடாது.

சூடானதும் என்ஜின் வெடுக்கென்று நின்று, ஆறியதும் ஸ்டார்ட் ஆனால், என்ஜின் சுழற்சியை ஈ.சி.யூ.வுக்குச் சொல்லும் கிராங்க் சென்சாரைச் சந்தேகியுங்கள். கியரில் வண்டி உருண்டுகொண்டிருக்கும்போதே ஆர்.பி.எம். முள் பூஜ்யத்துக்கு விழுந்தால் சந்தேகம் வலுக்கிறது.

லேபுக்கு அனுப்பும் நேரம்

இவை எல்லாம் முடிந்து, தனி கேனிலும் இழுக்கவில்லை, காற்று வழியும் சுத்தம், வயரும் சரி என்றால் பம்பையும் நாசிலையும் லேபுக்கு அனுப்பலாம். சூடான பிறகு ஸ்டார்ட் ஆகச் சண்டித்தனம் செய்யும் ரோட்டரி பம்ப் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். அனுப்பும்போது, பிரிப்பதற்கு முன் டெஸ்ட் பெஞ்சில் போட்டு எடுத்த அளவைக் கேளுங்கள். மாற்றிய பழைய பாகங்களையும் திரும்பக் கேளுங்கள். உங்கள் நோட்டையும் அவரிடம் காட்டுங்கள். நல்ல மெக்கானிக் அதை வாங்கிப் படிப்பார்.

எந்தப் பாகத்தை மாற்றினாலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, அதே லோடில் அதே மேட்டில் ஓட்டிப் பாருங்கள். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் வந்த கோளாறை நாமக்கல் பைபாஸில் ஓட்டிப் பார்த்து 'சரியாகிவிட்டது' என்று சொல்ல முடியாது. டேங்கைக் கழுவியிருந்தால் ஒட்டிக்கொண்டிருந்த மிச்சக் கசடு கிளம்பி வந்து புது ஃபில்டரைச் சீக்கிரமே அடைக்கும். அதனால் முதல் சில நூறு கி.மீ.க்குள் ஃபில்டரை ஒரு முறை வடித்துப் பாருங்கள். கூடுதலாக ஒரு ஃபில்டரும் அதைக் கழற்றும் ஸ்பேனரும் சீட்டுக்கு அடியில் இருக்கட்டும்.